மூன்றாம் வளைவு ஏறாத வண்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்து அம்புலன்சில் ஒரு குறையும் கிடையாது. ஏற்றத்தில் ஏறாது, அவ்வளவுதான். சமதரையில் அருமையாக ஓடும். எங்கள் கீழ் டிவிஷனில் சமதரை என்று இருப்பது மாரியம்மன் கோயில் முற்றமும் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் இடமும்தான். மற்றதெல்லாம் நமுனுகுல மலை.

டிவிஷனிலிருந்து மேல் ரோட்டுக்கு ஐந்து வளைவு. ஏறிவிட்டால் பசறை வழியாகப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் பெரும்பாலும் இறக்கம். வெளி அம்புலன்சுக்குப் போன் அடித்தால், "மேல் ரோட்டுக்கு வாங்க, அங்கிருந்து ஏத்திக்கிறோம்" என்பார்கள். மேல் ரோட்டுக்கு வர முடிந்தால் நாங்கள் ஏன் போன் அடிக்கிறோம்.

இரண்டு வருடத்துக்கு முன் துஷாந்தினிக்கு வலி கண்டபோது கொழுந்து லொறியில்தான் ஏற்றினார்கள். மூன்றாம் வளைவுச் சேற்றில் டயர் சுற்றியது. மேல் ரோட்டைத் தொட்டபோது பிள்ளை பிறந்து, இறந்தும் போயிருந்தது. லொறியை ஓட்டியவன் அவள் புருஷன் விஜேந்திரன்தான். அதற்குப் பிறகு அவன் அந்த வளைவில் ஹார்ன் அடிப்பதில்லை. ஏன் என்று நாங்களும் கேட்டதில்லை.

அந்தச் செய்தி பேப்பரில் வந்தது. அதைப் பார்த்துத்தான் பதுளையில் இருக்கும் ஊவா தோட்ட மக்கள் சுகநல நிதியம் எங்களை நினைத்துக்கொண்டது. நிதியத்தின் சேர்மன், சாமஸ்ரீ, தேசகீர்த்தி என்று இரண்டு பட்டம் வாங்கிய அழகுமுத்து ஐயா, ஊதுபத்தியும் வீடியோக்காரனுமாகத் துக்கம் விசாரிக்க வந்தார். துஷாந்தினியின் தலையில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். வீடியோக்காரன் கமராவில் சார்ஜ் இல்லை என்றதும் கையை எடுத்து, சார்ஜ் போட்ட பிறகு மறுபடி வைத்தார். அம்புலன்ஸ் தருவதாக வாக்குக் கொடுத்தார். சொன்ன சொல் தவறவில்லை, வண்டி வந்தது. அதோடு போர்டும் வந்தது.

முதலில் சேர்மனின் பெயரும் படமும் மட்டும் என்றுதான் பேச்சு. பிறகு செயலாளர், பொருளாளர், ஆலோசனைச் சபை எல்லாம் ஏறியது. எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கந்தப்பன் தன் பெயர் இல்லாவிட்டால் வரவேற்பு இல்லை என்றார். கோயில் கமிட்டி, இளைஞர் மன்றம், கங்காணிமார் என்று வரிசை நீண்டது. கடைசியில் மரண உதவிச் சங்கமும் வந்து நின்றது. அம்புலன்ஸ் முகத்தில் அந்தப் பெயர் வேண்டாமே என்று பிரசவம் பார்க்கும் மிட்வைப் பாக்கியலெட்சுமி மிஸி மட்டும் சொல்லிப் பார்த்தார். சங்கத்தார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டதால் அதுவும் ஏறியது.

இத்தனை பெயரும் பக்கவாட்டில் கொள்ளாது என்று ஒரு பெரிய இரும்புத் தகட்டில் எழுதி வண்டியின் முகத்தில், ரேடியேட்டருக்கு முன்னால், காற்றுப் போகும் சல்லடையை முழுக்க மூடி, போல்ட் போட்டு இறுக்கினார்கள். அடியில் இடம் மிஞ்சியது. "சாரதி: வீ. விஜேந்திரன்" என்று எழுதிவிட்டார்கள். அன்று அவன் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்ததை நாங்கள் பார்த்தோம். கழுத்தில் மாலை விழாத ஆள் அங்கே அவன் ஒருவன்தான்.

முதல் நோயாளி பெரியாயி, பித்தப்பைக் கல். முதல் வளைவு பாதியில் வண்டிக்கு மூச்சு முட்டியது. விஜேந்திரன் எக்ஸலேட்டரைத் தரையோடு மிதித்தான். எஞ்சின் உறுமியதே தவிர வண்டி நகரவில்லை. பெரியாயி இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். விஜேந்திரன் வண்டியை ஆறவைத்து, நின்று நின்று, காலி வண்டியாக மேல் ரோட்டுக்கு ஏற்றியபோது பெரியாயி அங்கே மதகில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

நிதியத்துக்குப் போன் போட்டான்.

"எக்ஸலேட்டர மிதிக்கிறீங்களா?" என்று கேட்டார்கள்.

"மிதிக்கிறேங்க."

"எந்தக் காலால?"

வலது காலால் என்றான். குறித்துக்கொள்வதாகச் சொன்னார்கள். வண்டியைப் பதுளைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள்.

நிதியத்தின் தொழில்நுட்ப ஆலோசகர் சதீஸ்குமார், சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பவர். ஆபீஸ் முற்றத்தில் வண்டியை இரண்டு சுற்று ஓட்டச் சொன்னார். வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. விஜேந்திரனுக்கே வெட்கமாகிவிட்டது.

"சேர், இங்க ஓடுதுங்க. ஏத்தத்துலதான் இழுவை இல்ல. ஒரு ஏத்தத்துல ஓட்டிப் பாத்தீங்கன்னா..."

"தம்பி, எங்க ஆபீஸ் இங்க இருக்கு. மலைய இங்க கொண்டுவர ஏலாதுதானே."

வண்டியில் கோளாறு இல்லை, கோளாறு பிரதேசத்தில்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

விஜேந்திரன் விடவில்லை. விடவும் முடியாது. துஷாந்தினிக்கு மறுபடி நாள் தள்ளியிருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை, வயிறு சொல்லும்வரை பொத்தி வைத்திருந்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பதுளையில்தான் பார்க்கவேண்டும், வலி கண்டால் ஒரு நிமிடம் தாமதிக்கக்கூடாது என்று மிஸி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விஜேந்திரன் வாரத்துக்கு ஒருமுறை நிதியத்தின் வாசலில் போய் நின்றான்.

சாரதிக்குத் தன்னம்பிக்கை போதாது என்று முடிவாகி, பண்டாரவளையில் ஒரு ஹோட்டலில் பயிற்சிப் பட்டறை வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தான் மலை ஏறுவதாக நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அவன் கண்ணை மூடினான். மூன்றாம் வளைவு வந்தது. கண்ணைத் திறந்துவிட்டான். சான்றிதழும் சாப்பிட ஒரு மீன் பணிஸும் கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்து, ஏற்றத்தில் நோயாளியின் உறவினர் இறங்கி வண்டியைத் தள்ளவேண்டும் என்று உத்தரவு வந்தது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் சமூகப் பங்களிப்பு. உறவினர் போதாவிட்டால் நடக்கக்கூடிய நோயாளியும் பங்களிக்கலாம். நெஞ்சு வலி என்று வந்த ஒரு பெரியவர் பங்களித்துக்கொண்டிருந்ததை யாரோ படம் எடுத்து, நிதியத்தின் ஆண்டு மலரில் முழுப்பக்கம் போட்டிருந்தார்கள். நல்லவேளை, அவருக்கு வந்தது வாயுவாம்.

கடைசியில் அவன் சொந்தச் செலவில் லுணுகலையில் முன்ஸிப் நானாவின் கராஜுக்குப் போனான். முன்ஸிப் டீசல் பில்டரை மாற்றினார், சரிவரவில்லை. எயார் பில்டரைத் தட்டினார், சரிவரவில்லை. எஞ்சினுக்கு அந்தப் பக்கம் கை போவதற்காகப் போர்டைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டு எதையோ முடுக்கினார். மாட்ட மறந்து, அப்படியே ஓட்டிப் பார்க்கப் போனார்கள். ஊர் எல்லை ஏற்றத்தில் வண்டி விறுவிறுவென்று ஏறியது. நானா தன் கைவண்ணம் என்று பூரித்துப்போனார். திரும்பி வந்து போர்டை மாட்டி மறுபடி ஏற்றினால், பாதியில் நின்றது. இப்படி மூன்று தரம் மாட்டியும் கழற்றியும் பார்த்த பிறகு இரண்டு பேரும் போர்டைப் பார்த்தபடி நின்றார்கள்.

"மச்சான், எஞ்சின்ல ஒண்ணும் இல்ல. காத்துப் போற வாசல இந்தத் தகரம் அடச்சிக்கிட்டு இரிக்கி. ஏத்தத்துல சூடாகுது. சூடானா எஞ்சின் எரிஞ்சி போகக்கூடாதுன்னு இந்தக் காலத்து வண்டி தானாவே இழுவையக் கொறச்சிக்கும். நீ எவ்வளவு மிதிச்சாலும் கேக்காது. இதக் கழட்டி வீட்டுல வையி."

விஜேந்திரன் போர்டை வீட்டுச் சுவரில் சாத்திவைத்தான். நான்கைந்து நாள் எங்கள் அம்புலன்ஸ் அம்புலன்சாக இருந்தது. ஒரு பாம்புக்கடி, ஒரு காய்ச்சல், இரண்டும் ஐந்து வளைவையும் தாண்டிப் பதுளைக்குப் போய்ப் பிழைத்து வந்தன. பிழைத்து வந்தவர்களைத் தலைவர் கந்தப்பன் வண்டியோடு நிற்கவைத்துப் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டார். தன் பெயர் இல்லாத வண்டியைத்தான் படம் எடுத்திருக்கிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை. சேர்மனுக்குத் தெரிந்துவிட்டது.

கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். விஜேந்திரன் குற்றவாளியைப் போல முன்னால் நின்றான். சேர்மன் தொண்டையைக் கனைத்தார்.

"வண்டி வரும், போகும். பெயர் நிற்க வேண்டும். நான் இதை எனக்காகச் சொல்லவில்லை. ஒரு நோயாளி வண்டிக்குள் ஒரு மணி நேரம்தான் இருக்கிறார். அவருக்கு வெளியே இருக்கும் போர்டு தெரியவும் தெரியாது. ஆனால் ரோட்டில் நிற்கிற நூற்றுக்கணக்கான மக்கள் தினமும் அதைப் பார்க்கிறார்கள். ஜனநாயகத்தில் நாம் பெரும்பான்மையைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்."

கை தட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேரின் பெயர் போர்டில் இருந்தது.

"ஐயா, போர்ட வேணாங்கல," என்றான் விஜேந்திரன். "பக்கத்துல மாட்டிக்கிறேங்க. மேல மாட்டிக்கிறேங்க. முன்னுக்கு மட்டும் வேணாங்க. எம் பொஞ்சாதிக்கு மாசம் நெருங்குது."

சேர்மன் உருகிப்போனார். "உங்கள் முதல் குழந்தைக்காகத்தான் இந்த வண்டியே வந்தது. அந்தக் குழந்தையின் தியாகத்தை நீங்களே வண்டியின் முகத்திலிருந்து கழற்றினால், அது நியாயமா?"

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த துஷாந்தினி எழுந்து லயத்து வீட்டுக்குப் போய்விட்டாள். நாங்கள் அவளுக்கு வழி விட்டு நகர்ந்து உட்கார்ந்தோம்.

பாக்கியலெட்சுமி மிஸிதான் ஒரு வழி சொன்னார். போர்டு இருக்கட்டும், அதில் காற்றுப் போக ஓட்டை போடலாமே. ஆலோசகர் சதீஸ்குமார் மூன்று பேனாவில் ஒன்றை எடுத்தார். எழுத்து இல்லாத இடத்தில் போடலாம் என்றார். எழுத்து இல்லாத இடம் இல்லை. அப்படியானால் யாருடைய பெயரில் போடுவது என்று கேட்டார். சேர்மன் பெயரில் போட முடியாது. செயலாளர், பொருளாளர் பெயரில் போட்டால் கணக்கில் ஓட்டை என்று எதிரிகள் கதைப்பார்கள். கோயில் கமிட்டி பெயரில் போட்டால் சாமி குத்தம். தலைவர் கந்தப்பன், தன் பெயரில் ஓட்டை விழுந்தால் தொழிலாளர் ஒற்றுமையில் விழுந்த மாதிரி என்றார். மரண உதவிச் சங்கத்தார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்கள். அவ்வளவுதான். எல்லோரும் போர்டின் அடியைப் பார்த்தார்கள்.

"எம் பேர்லயே போடுங்க சேர்," என்றான் விஜேந்திரன்.

சாரதியின் பெருந்தன்மையைப் பாராட்டி ஒரு தீர்மானம் நிறைவேறியது. அவன் பெயர் இருந்த இடத்தில் வரிசையாகத் துளை போட்டார்கள். "சாரதி" மட்டும் தப்பியது. பிறகு போர்டை யாரும் கழற்றாதபடி இரும்புச் சட்டத்தோடு வெல்டிங் வைத்து ஒட்டினார்கள். வெட்டினாலோ சேதப்படுத்தினாலோ நன்றியுள்ள வேறு தோட்டத்துக்கு வண்டி போய்விடும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

விஜேந்திரன் என்ற பெயர் கொடுத்த காற்றில் வண்டி இரண்டாம் வளைவு வரை ஏறியது.

துஷாந்தினிக்கு வலி கண்டது ஒரு காலை நேரம், பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறிக்கொண்டிருந்தபோது. பனிக்குடம் உடைந்துவிட்டது. மிஸி கூடவே ஏறினார். விஜேந்திரன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான். சாமியைக் கூப்பிட்டானா, எஞ்சினைக் கெஞ்சினானா தெரியாது. முதல் வளைவு தாண்டியது. இரண்டாம் வளைவில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால், வண்டி செத்தது. மிதித்தான். எஞ்சின் கேட்கவில்லை.

"ஆறவைக்க நேரம் இருக்கா மிஸி?"

"இல்ல தம்பி."

உள்ளேயிருந்து துஷாந்தினியின் குரல் வந்தது. "மூணாம் வளைவு வந்துருச்சாங்க?"

மடுவத்து வாசலில் நின்ற நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை இனிப் பார்க்கக்கூடாது. மண்டை முழுக்கத் தேடி ஒன்றும் கிடைக்காதவனின் முகம். பிறகு என்னவோ கிடைத்துவிட்டது. மடுவத்து முற்றத்தில் வண்டியை வெட்டித் திருப்பினான். வீட்டுக்குத்தான் திரும்புகிறான் என்று நினைத்து இரண்டு பெண்கள் அழத் தொடங்கினார்கள். அவன் பின் கியரைப் போட்டான்.

கொழுந்து லொறி ஓட்டியவர்களுக்குத் தெரிந்த வித்தைதான். மழைக் காலத்தில் முன்னால் ஏறாத லொறியைப் பின்னால் ஏற்றுவார்கள். பின் கியரில்தான் இழுவை அதிகம். சாகப்போகிற எஞ்சினுக்கும் அதில் கொஞ்சம் தெம்பு மிஞ்சியிருக்கும். அம்புலன்ஸ் பின்புறத்தை மலைக்குக் காட்டிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக மேலே நகர்ந்தது.

அதுவும் திணறியபோது நாங்கள் ஓடினோம். பின்பக்கமாக ஏறும் வண்டியை முகத்தில்தான் தள்ள வேண்டும். முகத்தில் போர்டு. தகடு கொதித்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் போர்டின்மேல் போட்டார்கள். அதன்மேல் கை வைத்து எல்லோரும் தள்ளினோம். தலைவர் கந்தப்பனும் மூச்சிரைக்கத் தள்ளினார். கோயில் கமிட்டியும் தள்ளியது. மரண உதவிச் சங்கம் எல்லோரையும்விடப் பலமாகத் தள்ளியது. அந்தப் போர்டு வந்த நாளிலிருந்து அது ஒரு வேலைக்கு உதவியது அன்று மட்டும்தான்.

மூன்றாம் வளைவில் விஜேந்திரன் ஹார்ன் அடித்தான். விடாமல் அடித்தான். மேல் ரோடு வந்தது. பதுளையில் ஆபரேஷன் செய்து பெண் பிள்ளையை எடுத்தார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை என்று போன் வரும்வரை மடுவத்தில் அன்றைய கொழுந்தை யாரும் நிறுக்கவில்லை.

துஷாந்தினி வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகவில்லை, நிதியம் வந்தது. பிள்ளைக்குத் தொட்டில் கொண்டுவந்தார்கள். சேர்மன் பேசினார்.

"நமது வண்டியில் காப்பாற்றப்பட்ட முதல் சிசு. ஆனால் ஒரு வருத்தம். வண்டி பின்புறமாகப் போனதாகக் கேள்விப்பட்டேன். அப்படியானால் ரோட்டில் நின்ற மக்கள் என்ன பார்த்திருப்பார்கள்? வெறும் பின் கதவு. இனி நிதியத்தின் வாகனம் எந்தக் காரணத்துக்காகவும் பின்னால் ஏறக் கூடாது. அது நன்கொடையாளர்களுக்குச் செய்யும் அவமரியாதை."

பிறகு பிள்ளையின் பெயரைக் கேட்டார். நிவேதிகா என்று கூப்பிடுகிறோம், இன்னும் பதிவு போடவில்லை என்றான் விஜேந்திரன். சேர்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சதீஸ்குமாரைப் பார்த்தார். அடுத்த நாளே, "முதல் பயனாளி: செல்வி வி. நிவேதிகா" என்று பித்தளையில் எழுதிய அழகான தகடு ஒன்று வந்தது. போர்டில் வேறு எங்கே இடம் இருக்கிறது? துளைகள் இருந்த இடத்தில் வைத்து நான்கு திருகாணி முடுக்கினார்கள். படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் வண்டி முதல் வளைவையே தாண்டவில்லை.

அன்று சாயங்காலம் விஜேந்திரன் வண்டிக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தான். பக்கத்து லயத்து மதுஷா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள். அடுத்த மாதம் அவளுக்கு நாள்.

"அண்ணே, பின்னால ஏத்தக்கூடாதுன்னு சொல்லிட்டாங்களாமே. அப்ப எனக்கு எப்படிண்ணே?"

சுற்றி நின்ற நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். தலைவர் கந்தப்பன் போர்டில் தன் பெயர் இருந்த இடத்தைப் பார்த்தார், பிறகு மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்.

துஷாந்தினி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பித்தளைத் தகட்டில் மகளின் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல மெதுவாகப் பார்த்தாள். ஆசை ஆசையாக அவள் தேடி வைத்த பெயர்.

"அந்தப் பேரக் கழட்டுங்க," என்றாள்.

"துஷா, அவங்க கேட்டா?"

"அந்தப் பேர்ல எங்களுக்குப் புள்ள இல்லன்னு சொல்லுங்க. இவளுக்கு வேற பேரு வச்சுக்கலாம்."

விஜேந்திரன் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். ஓட்டிப் பார்த்தோம், வண்டி மறுபடி இரண்டாம் வளைவு வரை ஏறியது. இன்னும் மூன்று வளைவு இருக்கிறது. போர்டில் இன்னும் நிறையப் பெயர் இருக்கிறது.